வாசற்படியும் வாரண்டும்



காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, பாலாற்றங்கரையில், வாலாஜாபாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பட்டப் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் அங்கே பாளையமிறங்கியிருந்தன. பிற்காலத்தில் படைகள் போயின. ஊரும் பெயரும் நின்றன. அந்த ஊரையடுத்த ஒரு சிற்றூரில், தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தவன் நான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, 1960-களில், நடந்த ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு போலீஸ்காரர்களுடன் ஓர் அதிகாரி வந்தார். எதிர்வீட்டில் திருட்டுப் பாத்திரங்கள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகத் தகவலாம். அவர் நேரே அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடவில்லை. எங்கள் வாசலில் நின்று என் தந்தையாரை அழைத்தார். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்தார். இவ்விருவரும் பார்த்திருக்கத்தான் சோதனை தொடங்கியது. உள்ளே போகுமுன் அதிகாரி தம் சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. துப்பாக்கியும் தொப்பியும் உடைய மனிதர், தறியில் குனிந்து முதுகு கூனிப்போன என் தந்தையாரிடம் ஏன் பையைக் காட்ட வேண்டும்? அவருடைய அதிகாரத்துக்கு என் தந்தையாரின் கண் எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோது, நம்முடைய பழைய சென்னை மாகாணத்தின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான பகுதி எனக்குத் தெரிய வந்தது. அதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெள்ளையர் வருமுன் நம் நாட்டில் போலீசு இல்லை, காவல் இருந்தது. ஊருக்குத் தலையாரி; பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் அல்லது காவற்காரர். விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்கூலியாக அவர்கள் பெற்றனர். பொருள் திருட்டுப்போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு தர வேண்டும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. முறை தவறியபோது காவற்காரரே கொள்ளைக்காரராக மாறியதும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. செங்கற்பட்டுச் சீமையில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர் இந்தக் காவல் முறையில் மிகுந்த அக்கறை காட்டினார்.

அந்தச் சீமை கம்பெனியின் கைக்கு வந்த கதையையும் இங்கே நினைக்க வேண்டும். 1763-ஆம் ஆண்டில் நவாபு வாலாஜா அதைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 வரையில் அவரே அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அதன்பின் கம்பெனியே நேராக ஆளத் தொடங்கியது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இலண்டன் மாநகரில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1762-இல், ஜான் எண்டிக் என்னும் எழுத்தாளர் வீட்டுக்குள் அரசரின் சேவகர்கள் புகுந்தனர், பூட்டுகளை உடைத்தனர், காகிதங்களை அள்ளிச் சென்றனர். அமைச்சர் ஒருவர் கையெழுத்திட்ட ஆணை அவர்களிடம் இருந்தது. எண்டிக் வாளாவிருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். 1765-இல் காம்டன் பிரபு தீர்ப்புச் சொன்னார். சட்டம் இடங்கொடுத்தாலன்றி அரசின் ஆளாயினும் பிறன் மனைக்குள் கால் வைக்கலாகாது. அமைச்சரின் ஆணையென்பதனாலேயே அது சட்டமாகிவிடாது என்பது அதன் சாரம். வீட்டுச் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தேம்ஸ் நதிக்கரையில் செல்லுபடியாயிற்று, பாலாற்றங்கரையில் செல்லுபடியாகவில்லை! கம்பெனியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளன் குறித்த நாளில் துணி தராவிட்டால் அவன்மேல் சேவகனை ஏவுவது வழக்கமாக இருந்தது. தறிக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் மோத்தர்பா என்னும் வரி வேறு. வரி தண்டுகிறவன் வாசலில் வந்து நின்றால் அவனிடம் வாரண்டு கேட்பார் யார்?

1802-இல் கம்பெனி தாரோகா என்னும் போலீசு அதிகாரிகளை ஏற்படுத்தியது. அந்த ஏற்பாடு இங்கே வேரூன்றவில்லை. 1816-இல், தாமஸ் மன்றோவின் யோசனைப்படி வகுக்கப்பட்ட 11-ஆவது ரெகுலேஷன், தாரோகாக்களை நீக்கிவிட்டு, கலெக்டரையே மாஜிஸ்திரேட்டாக்கியது. தாசில்தாரையே போலீசுத் தலைவராக்கியது. ஊர்த்தலைவரைக் கிராமப் போலீசின் தலைவராக்கியது. பழைய கிராம அமைப்பை மீட்கிறோம் என்று மன்றோ எண்ணினார். அந்த எண்ணத்தில் வஞ்சகம் இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் விளைவு என்ன? நிலவரி வாங்குகிறவன் எவனோ அவனே பிடிக்கிறவன். பிடிக்கிறவன் எவனோ அவனே அடைக்கிறவன். வரி பாக்கியென்றாலும் திருட்டென்றாலும் ஒரே சேவகன், ஒரே சாவடி, ஒரே கயிறு.

அந்த ரெகுலேஷனில் ஒரு விதியைப் படித்தபோது நெஞ்சு சுட்டது. சிறு குற்றம் செய்தவனை ஊர்த்தலைவர் 12 மணி நேரம் வரையில் சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியென்று கருதப்பட்டவனாயின் 6 மணி நேரம் வரையில் தொழுமரத்திலும் மாட்டலாம்! குற்றம் ஒன்று, உடம்பு மட்டும் இரண்டு. சாதி பேதத்தைக் கண்டு முகஞ்சுளித்ததாகச் சொல்லிக்கொண்ட ஆட்சியே அதை அச்சிட்ட சட்டமாக்கித் தந்தது.

கிட்டி என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் விளையாட்டோடுதான் சேர்த்து அறிவார்கள். அந்தக் காலத்தில் அது இரண்டு கட்டைகளாலான ஒரு கருவி. கைவிரல்களையோ உடம்பின் வேறு மென்மையான பகுதியையோ இடையில் வைத்து நெருக்குவார்கள். மனிதனைக் குனியவைத்துத் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி, முதுகில் கல்லேற்றி, வெயிலில் நிறுத்துவதும் உண்டு. உணவைத் தடுப்பார்கள். அடித்து உதைப்பது கணக்கிலேயே இல்லை. இவையெல்லாம் வரி தண்டவும் பயன்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் பயன்பட்டன.

இவற்றை வெளிக்கொணர்ந்தவர்களில் ஒரு தமிழகப் பெயர் நன்றியோடு நினைக்கத்தக்கது. சென்னையில் வணிகராயிருந்த கஜுலு லட்சுமிநரசு செட்டியார், ‘கிரசெண்ட்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1852-இல் சென்னைவாசிகள் சங்கம் ஒன்றைக் கூட்டி, இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மகாணத்தின் குறைகளை விண்ணப்பமாக அனுப்பியவர். 1853-இல் டான்பி ஸீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு அவரை அழைத்துக்கொண்டு மாவட்டங்களைச் சுற்றிக் காட்டினார். கண்ணால் கண்டு திரும்பிய ஸீமோர் 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சித்திரவதையைப் பற்றிப் பேசினார். நம்பாதவர்கள் பலர் இருந்தனர். அப்படியொன்றும் கிடையாது என்று அடித்துப் பேசியவர்களும் இருந்தனர். ஆயினும் விசாரணைக்கு ஆணை பிறந்தது.

எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமர்ந்தது. பாதிக்கப்பட்டோர் வரலாம் என்று அறிவிப்புச் செய்யப்பட்டது. எழுத்தறியாத மக்கள், நினைத்தவுடன் ஏறி வர ரயிலும் இல்லை, முறையிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அதே தாசில்தாரின் கீழ்த்தான் வாழ வேண்டும். இந்த நிலையில் எத்தனை பேர் வருவார்கள்? நேரில் வந்து நின்றோர் 519 பேர். கடிதம் எழுதியோர் 1,440 பேர். ஆக 1,959 முறையீடுகள். சரித்திர நூல்களில் பெரிய போர்களுக்கு வீரக்கற்கள் உண்டு. சேவகனுக்கு அஞ்சாமல் சென்னைக்கு வந்து, நசுங்கிய விரலைக் காட்டிய அந்த 519 பேருக்குக் கல்லும் இல்லை, பெயரும் பரவலாகத் தெரியாது.

1855 ஏப்ரலில் குழு தன் அறிக்கையைத் தந்தது. சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை முழுதும் சுதேசிச் சிப்பந்திகளின் தலையில் போட்டது. ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தையல்லர் என்றது. இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. கிட்டியை நெருக்கிய கை நம்மவர் கைதான், அதில் ஐயமில்லை. அந்தக் கையை நாம் மன்னிக்க வேண்டியதும் இல்லை. எனினும், பயிர் பொய்த்த ஆண்டிலும் இத்தனை ரூபாய் வந்தாக வேண்டும் என்று ஓலை அனுப்பியவர் யார்? அந்தப் பணம் எவ்வாறு வந்தது என்று கேட்காமல் பெற்றுக்கொண்டவர் யார்?

இருந்தாலும், குழு சொன்ன ஒரு மருந்து சரியான மருந்து. வரி வேறு, போலீசு வேறு எனப் பிரிக்க வேண்டும் என்பதே அது. அதன் பயனாக 1859-இல் 24-ஆவது சட்டம் பிறந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் தலைமையில் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீசுத் துறை அமைந்தது. இரண்டாண்டு கழித்து, 1861-இல், இந்தியப் போலீசுச் சட்டம் வந்தபோது சென்னையின் ஏற்பாடும் அதற்கு முன்மாதிரியாயிற்று. அதே 1861-இல் வந்த குற்ற விசாரணை முறைச் சட்டம், போலீசு அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அதை 25, 26-ஆவது பிரிவுகளில் நிலைநாட்டியது. உலகில் பல நாடுகளில் இத்தகைய முழுத் தடை இல்லை. போலீசிடம் சொன்னது ஏன் செல்லாது என்று வியப்பவர்கள், அந்த நசுங்கிய விரல்களை நினைத்துக்கொண்டால் போதும். ஆனால் 27-ஆவது பிரிவில் ஒரு விலக்கும் வைத்தார்கள். வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது செல்லும். வாசலை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்ததுபோலத்தான் இது. அந்தச் சாளரத்தின் வழியே எத்தனை அடி உள்ளே போயிற்று என்பதைக் கிரிமினல் வழக்கறிஞர்கள் நன்கு அறிவார்கள்.

துறை பிரிந்துவிட்டதனால் மட்டும் குணம் மாறிவிடவில்லை. 1902-இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் அமைந்த போலீசுக் கமிஷன், போலீசு ஊழலும் கொடுமையும் மலிந்ததாய் இருக்கிறதென்று வெளிப்படையாகவே எழுதியது.

இனி, எங்கள் தெருவுக்கு வருவோம். அன்று நடைமுறையில் இருந்தது 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டம். அதன் 103-ஆவது பிரிவுதான் என் தந்தையாரை வாசலுக்கு அழைத்தது. சோதனையிடப் போகிற அதிகாரி அந்தப் பகுதியில் வசிக்கும் மதிப்புள்ள மனிதர் இருவரையாவது அழைக்க வேண்டும். அவர்கள் பார்த்திருக்கச் சோதிக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலாக எழுதி அவர்கள் கையெழுத்தைப் பெற வேண்டும். வீட்டுக்காரரும் உடனிருக்கலாம், பட்டியலின் நகலும் பெறலாம். இந்தப் பட்டியலுக்குத்தான் மகஜர் என்று பெயர். வாரண்டு பெற நேரமில்லாத அவசரத்தில் அதிகாரி தாமே சோதிக்கலாம். ஆயினும், எதைத் தேடுகிறோம், ஏன் காத்திருக்க முடியாது என்பதை முன்னதாக எழுதி வைக்க வேண்டும். கோஷாப் பெண்கள் இருக்கும் அறையானால், அவர்கள் விலகிப்போக அவகாசம் தர வேண்டும். சட்டைப் பையைக் காட்டுவது எதற்கென்றால், திருட்டுப் பொருளை அதிகாரியே கொண்டுவந்து வைத்தார் என்ற பேச்சு பின்னால் எழாதிருப்பதற்காக.

கைதுக்கும் வரம்பு உண்டு. பிடித்தவனை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். 1949-இல் டாக்டர் அம்பேத்கார் இதை அரசியலமைப்பிலேயே சேர்க்கச் செய்தார். 22-ஆவது விதி என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறீர்களே, அதுதான். கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்தில் நீதிபதியின் முகத்தைக் காட்ட வேண்டும். ஆனால் அதே விதி, தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்லிற்று. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே 1950-இல், சென்னை அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். சட்டத்தில் ஒரேயொரு பிரிவு விழுந்தது. கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கும் அப்படியே. 1954-இல் எம். பி. சர்மா வழக்கில், சோதனைக்கு எதிராக அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதுபோன்ற பாதுகாப்பு நம் அரசியலமைப்பில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கருதிற்று. அந்தக் கருத்து மாற அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 2017-இல் புட்டசாமி வழக்கில், 9 நீதிபதிகள் ஒருமுகமாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். இடையில், 1996-இல், டி. கே. பாசு வழக்கில், கைது செய்யும்போதே நாளும் நேரமும் குறித்த குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சூரியன் மறைந்தபின், விடியுமுன், விதிவிலக்கான நிலையிலன்றிப் பெண்களைக் கைது செய்யலாகாது என்னும் திருத்தம் 2005-இல் இயற்றப்பட்டது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவாக எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. என் தந்தையாரின் கண்ணுக்குத் துணையாக இப்போது கைபேசியின் கண்ணும் வந்திருக்கிறது. அந்தக் கண் சில வேளைகளில் பழுதாகிவிடும் என்பதையும் நாம் அறிவோம்.

எழுதிய விதி எல்லாம் காத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 2020 ஜூனில், பெருந்தொற்றுக் காலத்தில், சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கடையடைக்கும் நேரத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டனர். 24 மணி நேரக் கணக்கு அங்கே மீறப்படவில்லை. காவலில் வைக்க நீதிமன்ற ஆணையும் பெறப்பட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. சில நாட்களில் இருவரும் இறந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்னவர், அதே நிலையத்தில் பணிபுரிந்த ஒரு பெண் காவலர்! 1855-இல் நசுங்கிய விரலைக் காட்ட வந்தவர்களின் வரிசையில் அவரையும் நான் வைத்துப் பார்க்கிறேன்.

சோதனைச் சாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்டை வீட்டார் வர மறுப்பதால், நிலையத்துக்கு வேண்டிய ஒருவரையே எல்லா மகஜருக்கும் கையெழுத்திடச் சொல்லும் பழக்கம் உண்டு. ஒரே மனிதர் பல வழக்குகளில் சாட்சியாக வந்து நின்றதை நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன. குறை போலீசுடையது மட்டுமன்று. நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்ட நம்முடையதும்தான்.

என் தந்தையார் அன்று கதவைச் சாத்தவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டாண்டுகள் ஆகியிருந்தன, பொதுச்சுவர் தகராறு. ஆயினும் போய் நின்றார். ஒரு பித்தளைத் தவலையும் இரண்டு செம்புகளும் எடுக்கப்பட்டன. மகஜர் எழுதி முடிந்ததும் அதிகாரி கையெழுத்திடச் சொன்னார். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத என் தந்தையார், “படித்துக் காட்டுங்கள் ஐயா” என்றார். படிக்கப்பட்டது. செம்பு மூன்று என்று எழுதியிருந்தது. “இரண்டுதானே எடுத்தீர்கள்” என்றார் இவர். எழுதியவர் திருத்திக்கொண்டார், கைப்பிழையாகத்தான் இருக்க வேண்டும். அதன்பின் என் தந்தையார் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

ஏழெட்டு மாதம் கழித்துக் காஞ்சிபுரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. முதல் நாள் போனார், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுமுறையும் போனார். இரண்டு நாள் நெசவு போயிற்று; பாவு தறியிலேயே கிடந்தது. கூண்டில் ஏறியவரிடம் எத்தனை செம்பு என்று கேட்டார்களாம். இரண்டு என்று சொல்லிவிட்டு வந்தார்.